ஒரு கிளை பாக்கி

காலை ஐந்து இருபதுக்கு மியாவாகி ஃபுசாகோ தரையில் நீட்டிப் படுத்துவிடுகிறார். மழைக்காலமென்றால் கீழே ஒரு நீலத் தார்ப்பாய்; மற்ற நாட்களில் அதுவும் கிடையாது. மோவாயை முஷ்டிமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முழங்கால் உயரப் பலகையில், தொட்டிக்குள் நிற்கும் கறுப்புப் பைன் போன்சாய் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். அறுபத்தொரு வயதில் இப்படிப் படுப்பது சுலபம். எழுவதற்குத்தான் யாராவது வேண்டும்.

அந்த யாராவதைப் பற்றித்தான் கினாஷி ஊர் முழுக்க இப்போது பேச்சு.

"தினம் விடியக்காலை அஞ்சரை மணி. கென்சாகு வாய்க்காலைத் தாண்டி அந்தம்மா தோட்டத்துக்குள்ள போறாரு. கையில எதையோ துண்டு போட்டு மூடி எடுத்துட்டுப் போறாரு. ஒண்ணேகால் வருஷத்துக்கு மேல ஆச்சு, புயலடிச்ச அன்னிக்குக்கூட நிக்கல," என்று உதோன் நூடுல்ஸ் கடை ஷிகேயோ சொல்லிவருகிறார். கிண்ணத்தில் வெங்காயத்தாள் தூவும்போது குரலைத் தாழ்த்துவது அவர் வழக்கம். ஆனால் பதினாறு பேர் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தத்தையும் மீறிக் கடைசி மேஜைவரை கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்துவார். "பெண்டாட்டி போய்ச் சேந்து ஆறு வருஷம். அந்தாளுக்கு அறுபத்தாறு வயசு. வாய்க்காலைத் தாண்டுறதைப் பாக்கணுமே, இருபது வயசுக்காரன் தோத்தான்!"

இதில் ஊருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. வாய்க்காலின் இந்தக் கரை ஃபுசாகோவும் அந்தக் கரை கென்சாகுவும் எட்டு வருடம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதனால் நேரில் போய்ப் பார்ப்பதே நியாயம் என்றாயிற்று. போய்ப் பார்த்தால், துண்டுக்கு அடியில் இருப்பது நீண்ட மூக்குடைய ஒரு பூவாளி. அதில் மழைநீர். குழாய்த் தண்ணீரை நம்பாத தனிமோதோ கென்சாகு, வழியில் தூசு விழக்கூடாதென்று அதை மூடி எடுத்துவருகிறார். ஃபுசாகோவின் பெரிய மரத்துக்கு அதில் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. அந்த மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பக்கத்தில் முக்காலிமேல் நோயாளிபோல உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னத் தொட்டிக்கு மட்டும் ஊற்றுகிறார்.

எதற்கு என்று புரிய, ஃபுசாகோவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரத்துக்கு முகப்பு என்று ஒன்று உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தன் முழு அழகோடு நிற்கிறதோ அந்தப் பக்கம். முப்பத்தேழு வருடம் அதைத் தேடித் தேடி, ஃபுசாகோவுக்கு அது மரத்தோடு நிற்காத பழக்கமாகிவிட்டது. தபால்காரருக்கு வலப்பக்கம்தான் முகப்பு என்று கண்டுபிடித்து, அவர் வரும்போது படியில் இடம் மாறி நின்றுகொள்வார். வங்கி மேலாளரிடம், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க, உங்களுக்கு அங்கதான் கிளை இருக்கு," என்றிருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன் இறந்த கணவரின் படம் பூஜை அலமாரியில் கால்வாசி இடப்பக்கம் திரும்பியே இருக்கிறது. வந்தவர்கள் நேராக்கிவிட்டுப் போவார்கள். இவர் மறுபடி திருப்பிவைப்பார்.

ஒசாகாவிலிருந்து வந்த ஒருவர், "இந்த மரம் எப்பம்மா முடியும்?" என்று கேட்டபோது, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப முடிவீங்க?" என்றார். வந்தவர் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

கத்தரிக்கோல் எப்போதும் இடுப்பில். முழங்கையில் கிளை வளைக்கும் செம்புக் கம்பியின் பச்சைக் கறை, சோப்புக்கு மசியாதது. ஜூன் கடைசியில் பைன் குருத்துகளைக் கிள்ளும் பருவம் வந்தால் விரலெல்லாம் பிசின். அந்த இரண்டு வாரமும் அவர் வீட்டுக் கைப்பேசியும் கதவுப் பிடியும் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இனி எட்டு வருடப் பகை. கூட்டுறவுச் சங்கத்தின் நவம்பர் கண்காட்சியில் ஃபுசாகோவின் மரத்துக்கு முன்னால் நெடுநேரம் குந்தியிருந்த கென்சாகு, எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு ஒரே வாக்கியம் சொன்னார்: "தொட்டி நல்லாருக்கு."

இந்தத் தொழிலில் இதைவிட மோசமாக ஒருவரைத் திட்ட வார்த்தை இல்லை. ஃபுசாகோ மரத்தை அன்றே வீட்டுக்குத் தூக்கிவந்தார். அதன்பின் அதைக் கண்காட்சிக்கு வைக்கவேயில்லை. "இது குறையே இல்லாம நிக்கணும். அப்புறம் கொண்டுபோய் அந்தாளு மூஞ்சிக்கு நேரா வைக்கணும்," என்பதே மிச்சமிருந்த வாழ்க்கைக்குத் திட்டம். அந்த மரம், அவர் கல்யாணமான வருடம் விதையிலிருந்து முளைக்கவைத்தது.

திட்டம் பலிக்க ஒரு வருடம் இருந்தபோது, தெருவில் வீடு வீடாய்ச் சுற்றும் அறிவிப்புப் பலகையோடு கென்சாகு வந்தார். அதைக் கைமாற்ற மட்டும் பேச்சுத் தேவையில்லை. படித்ததற்கு அடையாளமாகக் குத்தும் பெயர் முத்திரையை எடுக்க ஃபுசாகோ உள்ளே போனார். அந்த மூன்று நிமிடத்தில் கென்சாகு அந்த மரத்தைப் பார்த்தார். இடப்பக்கத்து முதல் கிளை. அந்த மரத்துக்கே முகம் கொடுக்கும் கிளை. பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் நார் சுற்றி, கம்பி கட்டி, தாழ்த்தி வளைத்துவைத்தது. இன்னும் ஒரு விரல் தாழ்த்தினால் பிரமாதமாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். இந்த ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் அடக்கிக்கொள்வார்கள், அடுத்தவர் மரத்தைத் திருத்தும் கையை மட்டும் அடக்கமாட்டார்கள்.

சடக் என்று உள்ளேவரை கேட்டது.

"என்ன பண்ணீங்க?"

"ஒரு விரல்தான்..." என்றார் கென்சாகு. எட்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"ஒரு விரலா? முப்பத்தஞ்சு வருஷத்தை முறிச்சுட்டு ஒரு விரலாம்! உங்க தோட்டத்துல கிளையே இல்லையா? ஊர்ல இருக்கற கிளையெல்லாம் உங்க கைக்குத்தான் வளருதா?"

"அழகா இருந்துச்சு, ஃபுசா சான். அதான் கை போயிருச்சு."

அழகாயிருந்தது என்ற வார்த்தைக்காக எட்டு வருடம் காத்திருந்தவர், அது வந்த நேரத்தை நினைத்து இன்னும் கோபமானார். பழுப்பு நிறப் பசையும் கட்டும் போட்டுப் பார்த்தார்கள். புத்தாண்டுக்குள் கிளை காய்ந்தது. மரத்தைத் திருப்பி வேறு முகப்பு வைத்துக்கொள் என்று சங்கத்தார் எல்லோரும் சொன்னார்கள். ஃபுசாகோ கேட்கவில்லை. அறிவிப்புத் தாள் ஒன்றின் பின்புறத்தில் கென்சாகுவை எழுதவைத்து, முத்திரை குத்தவைத்து, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். "கிளை ஒன்று. கடன்பட்டவர் தனிமோதோ கென்சாகு." அவ்வளவுதான் வாசகம்.

பிப்ரவரியில் கென்சாகு தன் தோட்டத்திலேயே நல்ல கன்று ஒன்றைத் தொட்டியில் எடுத்துவந்தார். காய்ந்த கிளை இருந்த இடத்தில் ஃபுசாகோ பள்ளம் வெட்டினார். கன்றின் தண்டைச் சீவி அதில் பொருத்தி, இரண்டு பேருமாகக் கட்டினார்கள். கன்று தன் வேரிலேயே உயிரோடிருந்து, மெல்ல மரத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியதும் வேர்ப்பக்கத்தை அறுத்துவிட்டால் மிச்சம் மரத்தின் கிளை. அதுவரை அந்தச் சின்னத் தொட்டி ஒருநாள்கூடக் காயக்கூடாது.

"தண்ணி ஊத்த எனக்கு நேரமில்ல. கடன் வாங்கினவர்தான் ஊத்தணும்," என்றார் ஃபுசாகோ.

அப்படி ஆரம்பித்ததுதான் வாய்க்கால் தாண்டல். முதல் மாதம் ஊற்றிவிட்டுப் போனார். இரண்டாம் மாதம் படுத்திருந்தவரைக் கைகொடுத்து எழுப்பிவிட்டார். வெயில் காலத்தில் ஒருநாளைக்கு மூன்று தடவை ஊற்ற வேண்டியிருந்ததால், நடுவில் ஒருமுறை நூடுல்ஸும் ஆயிற்று. ஷிகேயோவுக்கு இந்த நூடுல்ஸ் விஷயம் இன்னும் தெரியாது; தெரிந்தால் தன் கடைக்கு வராததுதான் அவருக்கு உறைக்கும்.

ஒட்டுப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் இருக்கிறது. சேர்த்துக் கட்டிய இடத்துக்கு அந்தப்புறம், கன்றின் நுனிப்பக்கம் மரத்தின் சாறு குடித்து, வேர்ப்புறத்தைவிடப் பருத்துவிடும். கண்ணுள்ளவர் யாருக்கும் தெரியும். போன வாரம் ஃபுசாகோ தரையில் படுத்தபடி அதைப் பார்த்தார். பென்சில் அளவிருந்தது கட்டைவிரல் அளவாகியிருந்தது. இப்போது பாதி அறுத்து, செப்டம்பரில் மீதியை அறுத்தால் நவம்பர் கண்காட்சிக்கு மரம் தயார். பெயர் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அவர் ரம்பத்தைக்கூட எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்குப் பூவாளி வந்தது.

"சங்கத்துல பேர் குடுத்தாச்சா?" என்றார் கென்சாகு.

"எதை வெச்சு? ரெண்டு மரத்தை முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனா ஊரே சிரிக்கும்."

"ஒட்டு இன்னுமா பிடிக்கல?"

"உங்க கன்னாச்சே. சோம்பேறி."

கென்சாகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நாற்பத்தைந்து வருடம் பைன் வளர்த்தவர்; வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்றே சொல்லக்கூடியவர். பருத்த பக்கத்தைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். சின்னத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார், வழக்கத்தைவிட மெதுவாக.

"ஆமா. பிடிக்கல," என்றார். "இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல."

"நானும் அதான் நெனச்சேன்."

கென்சாகு கை கொடுத்து அவரை எழுப்பிவிட்டார். ஃபுசாகோ கால்சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இடுப்பிலிருந்து புது நார் எடுத்து, பருத்த பக்கம் வெளியே தெரியாதபடி லேசாக இரண்டு சுற்றுச் சுற்றினார். முடிச்சு நழுவாமலிருக்க, கென்சாகு தன் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்துக் கொடுத்தார்.