சிவப்பைத் தொட்டால் நிறுத்து

1. போன்

மகள் போன் செய்தபோது நான் சிங்கப்பூர் ஊபியில் உள்ள எங்கள் பட்டறையில், ஒரு லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டுக் கார் வயரிங் வேலைக்கு வந்தவள் நான். வாயில் டார்ச் லைட்டைக் கவ்வியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“ம்மா! ஊசி சிவப்பத் தொட்டுருச்சு!”

டார்ச் லைட் கழுத்தில் விழுந்தது.

மகள் நந்தினி அன்று காலை தேக்காவில் கல்யாண மாலைகளை வாங்கிக்கொண்டு, காத்தோங்கில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளித் தோழி ஷாலினிக்குக் கல்யாணம். மாலைகளை முகூர்த்தத்துக்கு முன் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று இவளே முன்வந்து வாங்கிக்கொண்ட வேலை. லைசென்ஸ் எடுத்த பிறகு தனியாகக் கார் ஓட்டுவதும் அன்றுதான் முதல் தடவை.

“எங்கடி இருக்க?”

“கேலாங். ஓரமா நிறுத்திட்டேன். இன்ஜின் ஆஃப்.”

“ரேடியேட்டர் மூடியத் தொடாத!”

“அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா.”

2. அந்த மீட்டர்

எங்கள் கார், சிஓஇ என்ற கார் உரிமத்தைப் புதுப்பித்து ஓடும் பழைய கார். அதோடு வந்த டெம்பரேச்சர் மீட்டரில் எண்களே கிடையாது. ஒரு முனையில் C, மறுமுனையில் H. ஊசி நடுவில் சோம்பேறியாகப் படுத்திருக்கும். இன்ஜின் வெந்து முடிந்த பிறகுதான் எழுந்து பார்க்கும். அதை நம்பி மகளிடம் காரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மெக்கானிக்கல் மீட்டருக்கு வயரிங் வேண்டாம். ஆனால் இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காருக்குள் வரை வரும். மடங்கினால் மீட்டரே போச்சு. நான் எடுத்தது எலெக்ட்ரிக் மீட்டர். மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சாரைக் கட்டினால் ஊசி வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஃபாரன்ஹீட் மீட்டர் மலிவாகக் கிடைத்தது. இன்ஜின் சும்மா ஓடும்போதே அது நூற்றெண்பதுக்கு மேல் காட்டும். என் கணவர் அதைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். ஆகவே செல்சியஸ். நாற்பதில் தொடங்கி நூற்றிருபதில் முடியும் வட்ட மீட்டர். நூற்றுப்பத்திலிருந்து சிவப்புக் கோடு.

பிளஸ் வயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து ஃபியூஸ் வைத்து எடுத்தேன். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முறுக்கினேன். சென்சார் மரையில் வெள்ளை டேப் சுற்றவில்லை. ஒழுகக்கூடாது என்று பலர் சுற்றிவிடுவார்கள். அந்த மரை வழியாகத்தான் சென்சாருக்கு எர்த் கிடைக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தேன். பிறகு மகளை அழைத்து, “நம்பர் பாக்கிறேன்னு ரோட்ட விட்டுடாத. ஊசி சிவப்பத் தொட்டா நிறுத்து, அவ்வளவுதான்” என்றேன்.

3. டுரியான்

“புகை வருதா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“இனிப்பா ஏதாச்சும் வாசனை வருதா?”

கூலன்ட் ஒழுகினால் இனிப்பு வாடை வரும். எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

“பயங்கரமா வருதும்மா! மூச்சு முட்டுது!”

“கார விட்டு எறங்கு! தள்ளிப் போ!” என்று கத்திவிட்டு, சூடு பார்க்கும் டெம்பரேச்சர் கன்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்சியில் ஏறியதும் டிரைவர் என் கையைப் பார்த்தார். கோவிட் காலப் பழக்கதோஷத்தில் திரும்பி நெற்றியைக் காட்டினார். முப்பத்தாறு என்று சொல்லிவிட்டுக் கேலாங் போகச் சொன்னேன்.

வழியில் மறுபடியும் மகள்.

“ம்மா, ஷாலினியோட அம்மா ஃபோன் மேல ஃபோன் அடிக்கிறாங்க. மாப்பிள்ளை மணவறைக்கு வந்துட்டாராம். ஐயர் மாலை எங்கன்னு கேக்குறாராம்.”

“மாலை எங்க இருக்கு?”

“கார்ல வாடிடும்னு எடுத்துட்டேன். இங்க ஒரு அங்கிள் மேசையில எடம் குடுத்தாரு. தண்ணிகூடத் தெளிச்சாரு.”

போய் இறங்கினேன். மகள் நின்றது, மூக்கைத் துளைக்கும் டுரியான் பழக் கடை வாசலில். இனிப்பு வாடைக்குக் காரணம் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மாலைகள் இரண்டும் பிளந்த பழங்களுக்கு நடுவே ஜம்மென்று சாய்ந்திருந்தன.

கடைக்காரர் கத்தியை ஆட்டிச் சொன்னார். “ஆன்ட்டி, நோ ஸ்மோக் லா! கார் ஓகே லா! யுவர் டாட்டர் கிரை ஒன்லி!”

“நான் ஒண்ணும் அழல. டுரியான்ல கண்ணு எரியுது” என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பானட்டைத் திறந்து சென்சார் பக்கத்தில் கன்னைக் காட்டினேன். எண்பத்திரண்டு. நல்ல இன்ஜினுக்கு இருக்கவேண்டிய சூடு. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஊசி எழுந்தது, எண்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்ற இடத்தில், கண்ணாடி மேல், சந்தனத்துக்கு நடுவே கொழுகொழுவென்று ஒரு குங்குமப் பொட்டு.

முதல் நாள் சாயங்காலம் என் கணவர் காருக்குப் பூஜை போட்டிருந்தார். ஸ்டியரிங், ஹார்ன், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர் வழக்கம். கோயிலில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்திருந்தவரைப் போனில் பிடித்தேன்.

“ஏங்க, மீட்டருக்குமா பொட்டு வச்சீங்க?”

“புதுசாச்சே, விட முடியுமா? நெத்தியிலதான் வச்சேன்.”

“மீட்டருக்கு ஏதுங்க நெத்தி?”

“மேல நடுவுல. எல்லாருக்கும் அங்கதான இருக்கு?”

அவர் சொன்னதும் சரிதான். வட்ட மீட்டரில் மேலே நடுவில் இருப்பது எண்பது. எல்லா வாகனத்தையும் காப்பாற்றும் பொட்டு, ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டது. குங்குமத்தைத் துடைத்துக் கீழே போட மனசில்லாமல் மகள் நெற்றியில் பூசினேன். மாலைகளைப் பின் சீட்டில் அடுக்கினோம். கிரீஸ் கையை மடியில் மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஓட்டு” என்றேன்.

“நீங்க ஓட்டலாமே?”

“என் கையெல்லாம் கிரீஸு. ஓட்டு.”

நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குக் காத்துக்கொண்டிருந்தபோது மாலைகள் உள்ளே போயின. ஷாலினி மாலையைப் போட்டதும் மாப்பிள்ளை சற்றே முகத்தைச் சுளித்தார், இரண்டு தடவை மோந்து பார்த்தார், பிறகு சந்தேகமாகத் தன் மாமனாரைப் பார்த்தார். டுரியான் என்று யாருமே நினைக்கவில்லை. ஊதுபத்தி புது பிராண்டு போலிருக்கிறது என்று ஷாலினியின் அப்பா சமாளித்தார். தாலி நல்லபடியாக ஏறியது.

4. இப்போது

இன்னமும் வேலை நேரத்தில் மகள் போன் செய்தால் முதலில் டெம்பரேச்சர் கன்னைத்தான் தேடுகிறேன். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கத்தான் கூப்பிடுவாள்.

நான் கற்றுக்கொண்டது இது. வயரைக் கட்டி, ஃபியூஸ் போட்டு, ஊசி அசைந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காரை ஓட்டப்போகிறவரைச் சீட்டில் உட்கார வையுங்கள். அவர் கண்ணுக்கு எது தெரிகிறது என்று கேளுங்கள். நிறத்தைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எங்கே வந்தால் நிறுத்துவீர்கள் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகே சாவி.

போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு மீட்டர் மாட்டி, நூற்றுப்பத்து என்று பொறுமையாக விளக்கினேன். “புரிஞ்சிருச்சு லா சிஸ்டர், நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றார்.

“தொட்டுக் காட்டுங்க.”

மிகுந்த நம்பிக்கையோடு விரலை நீட்டி, பெட்ரோல் மீட்டரைத் தொட்டார்.

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.