படகுத்துறை முத்திரை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'சான்று தேவை'. வைத்தது மனைவி. இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் எதை எழுதினாலும், அச்சான ஓர் ஆதாரம் காட்டாவிட்டால், அந்த வரியின் வாலில் இந்த இரண்டு சொற்களை ஒட்டிவிட்டு வருவதுதான் அவருடைய சாயங்கால வேலை. சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்கிறார் என்று மனைவி சொன்னால்கூட, "யார் சொன்னா?" என்பார்.

"அவரோட பொண்டாட்டிதான் சொன்னா. போய் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டுட்டு வரட்டா?"

அவர் தபால்தலை சேர்ப்பவர். ஆனால் தபால்தலையின் அழகெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அதன்மேல் விழுந்த கறுப்பு முத்திரைதான் உயிர். மூடிப்போன அஞ்சல் நிலையங்களின் முத்திரைகளை உறையோடு அப்படியே சேர்ப்பார். உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையை மட்டும் பிரித்தெடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

கலைக்களஞ்சியத்துக்குள் நுழைந்த புதிதில், படகுத்துறை அஞ்சல் நிலையத்தைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதினார். 'பெருவெள்ளம் வந்த ஆண்டோடு இந்நிலையம் மூடப்பட்டது' என்று அதில் ஒரு வரி. ஆதாரம்? அவருடைய ஆல்பத்தில் இருந்த கடைசி உறை வெள்ள வருடத்தது, அவ்வளவுதான். தன் ஆல்பத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைப்பது சேகரிப்பவர்களைப் பிடிக்கும் வியாதி. ஊரார் வரிகளுக்கெல்லாம் வால் ஒட்டியவர், தன் வரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிற்பாடு தபால்தலைச் சங்கத் தலைவர் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். அதில் அந்த வரி அப்படியே இருந்தது. கலைக்களஞ்சியத்தில் வேறு யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தையே கட்டுரைக்குச் சான்றாகச் சேர்த்தார். "பாத்தியா, நான் எழுதினதுக்கு இப்ப புத்தகமே இருக்கு" என்று இவர் மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

அந்தப் பெருமையெல்லாம் இசை டீச்சர் கண்ணாடி மாற்ற வந்த அன்றோடு சரி. டீச்சர் பல வருட வாடிக்கையாளர். கடை மேசைமேல் ஒரு பழைய உறையை வைத்தார்.

"சார், நீங்க ஸ்டாம்ப் சேக்கறவர்தானே? இது போலியான்னு பாத்துச் சொல்லுங்க."

டீச்சரின் அப்பா படகுத்துறையின் கடைசி அஞ்சல் அதிகாரி. விடுதியில் தங்கிப் படித்த மகளுக்கு அவர் போட்ட கடிதத்தின் உறை அது. சங்கத்தின் கண்காட்சியில் வைக்கலாமென்று கொண்டுபோனால், தலைவரின் புத்தகத்தைக் காட்டி, போலி என்று நடுவர்கள் திருப்பித் தந்துவிட்டார்களாம். முத்திரையில் இருந்த தேதி வெள்ளத்துக்கு இரண்டு வருடம் பிந்தியது.

"மூடின ஆபீஸோட முத்திரை உங்க அப்பா கையில எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க சார். திருட்டுத்தனமா குத்தினாருன்னுதானே அர்த்தம்? ஆபீஸ் குண்டூசியக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வராத மனுஷன் அவரு."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். தேதி பளிச்சென்று இருந்தது. உறையைத் திருப்பினார். பின்பக்கம், போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை. அதே வாரம், அதே வருடம். கண்காட்சிக்கென அட்டையில் செருகி வைத்திருந்ததால் நடுவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்குக் காது மடல் சூடானது.

"அசல்தான் டீச்சர்."

"அப்ப புத்தகம்?"

"புத்தகம் தப்பு. நான் பாத்துக்கறேன். உறை எங்கிட்டயே இருக்கட்டும்."

அந்தத் தப்பு எங்கே பிறந்தது என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டார். அது அவருக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கட்டுரையில் வருடத்தைத் திருத்தினார். அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், 'பெருக்குமாறு' என்ற புனைபெயர்க்காரர் அதைப் பழையபடி மாற்றியிருந்தார். 'அச்சான நூல் வேறு சொல்கிறது. உங்களிடம் உள்ள உறை சான்றாகாது.' சட்டம் சரிதான். இவரே எத்தனையோ பேரை இதே வார்த்தை சொல்லித் துரத்தியிருக்கிறார். 'மூல வரியை எழுதியதே நான்தான், அது வெறும் ஊகம்' என்று பதில் போட்டார். 'அதற்கும் சான்று தேவை' என்று வந்தது.

மனைவி எட்டிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அந்த டீச்சர் பாவங்க. போய்த் தலைவரப் பாருங்க" என்றாள்.

தலைவர் பல் வைத்தியர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"என் புத்தகத்துல தப்பா? யாருகிட்ட வந்து என்ன பேசறீங்க?"

"அந்த வரிய எங்கேர்ந்து எடுத்தீங்க தலைவரே?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "கலைக்களஞ்சியத்துலதான் இருந்துச்சே."

"அத எழுதினது நான்தான். கைல ஆதாரமே இல்லாம எழுதிட்டேன். உங்க சங்க இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. அச்சுல வந்தாதான் அங்க ஏத்துப்பாங்க. டீச்சரோட அப்பா பேரும் சுத்தமாகும்."

தலைவர் உறையின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாய் மூடியே இருந்தது. "போடறேன்" என்றார் கடைசியில். "ஆனா தப்பு என்னோடது இல்லங்கறதையும் போடுவேன்."

போட்டார். 'இணையக் கலைக்களஞ்சியத்தில் பொறுப்பற்ற எவரோ எழுதிய கற்பனையை நம்பியதால் நேர்ந்த பிழை இது. வெள்ளத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலையம் இயங்கியது. உறை அசலே.' எவர் என்று பெயர் போடாதது தலைவர் காட்டிய தாட்சண்யம்.

லென்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் உட்கார்ந்து வருடத்தைத் திருத்தி, இதழின் பெயர், பக்கம் எல்லாம் கொடுத்தார். மேற்கோள் கேட்ட கட்டத்தில் ஒரு சொல் விடாமல் முழுவதையும் தட்டச்சு செய்தார். 'பொறுப்பற்ற எவரோ' உட்பட. இந்த முறை பெருக்குமாறு கை வைக்கவில்லை. 'நம்பகமான சான்று. நன்றி' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

அடுத்த வாரம் டீச்சர் புதுக் கண்ணாடியை வாங்க வந்தார். கையில் சங்க இதழ். உறை கண்காட்சியில் முன்வரிசையில் இருக்கிறதாம். அப்பா பெயரை எழுதி வைத்திருக்கிறார்களாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திருத்தத்தை இன்னொரு தரம் வாசித்தார். முகம் மாறியது.

"அது யாரு சார், இந்தப் பொறுப்பில்லாத ஆளு? எங்கப்பாவத் திருடனாக்கிட்டு நிம்மதியா எங்கயோ உக்காந்திருப்பான். நேர்ல பாத்தா நாலு கேள்வி நல்லா கேக்கணும்."

அவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். மேசையைச் சுற்றி வந்து டீச்சருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார். "கேளுங்க."