கிருஷ்ணராசாவின் அளவுக்கு ஒரு வாள்

ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் கிருஷ்ணராசாவுக்கென்று அளவெடுத்து யாரும் எதையும் செய்ததில்லை. லண்டனுக்கு வந்த முதற்குளிருக்குத் தேவாலயத்தில் கொடுத்த கோட் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கலியாணத்துக்குப் போட்டது அண்ணையின் சூட், அதன் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. பஸ் கராஜில் மெக்கானிக்குகளுக்குத் தரும் மேலங்கியை இருபது வருடமாகக் கால்பக்கம் மடித்துத்தான் போடுகிறார். அப்படிப்பட்ட மனிதரிடம் ஜப்பானில் ஏதோ ஒரு மலையூரிலிருந்து ஒரு கொல்லர், உங்கள் உயரம் என்ன, கை நீளம் என்ன, எந்தத் தோள் நோகிறது என்று கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதத்தை ஒரு மாதம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார் கிருஷ்ணராசா. இடது தோள் என்று பதில் போனது.

பஸ் திருத்துகிறவருக்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அகதி வழக்கு முடியாமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல், குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கும் அறைக்குமாக அலைந்த காலத்தில் ஒருநாள் ஒரு மண்டபத்துக்குள் ஒதுங்கினார். உள்ளே ஹீற்றர் இருந்தது. அவ்வளவுதான் காரணம். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் தனித்தனியாக நின்று வாளை உருவி, காற்றை வெட்டி, திரும்ப உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே யாரும் இல்லை. இயாய்டோ, ஜப்பானிய வாள்கலை என்றார்கள். "ஆளில்லாத சண்டை" என்று பின்னாளில் மனைவி கமலாம்பிகை பெயர் வைத்தாள். அடிக்க வேண்டியதில்லை, அடிபடவும் வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பிடித்துப்போனது. அதன்பிறகு தங்கச்சிமாரின் கலியாணம், தாயின் ஒப்பரேசன், மகளின் படிப்பு என்று எல்லாம் வந்தன. எது வந்தாலும் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இருபத்தைந்து வருடமும் கையில் இருந்தது அலுமினியம் கலந்த பயிற்சி வாள். அவர்களுடைய சங்கத்தில் ஐந்தாம் தரத் தேர்வுக்கு அது செல்லாது, உண்மையான வாள் வேண்டும். பழைய முறையில் உருக்கை மடித்து மடித்து அடிக்கும் கொல்லரிடம் சொல்லிவைத்து, மூன்று வருடம் காத்திருந்தார். ஒரு கொல்லன் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் அடிக்க அந்த நாட்டுச் சட்டம் விடாதாம். அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், உறை செய்பவர் இன்னொருவர். போன மாசியில்தான் அது கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. முதல்முறை உருவியபோது இடது தோள் நோகவில்லை. மனிதர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

கூட வந்த சான்றிதழைப் பாஸ்போட்டுகளோடு பைலில் வைத்தார். இது கையால் அடித்தது, இந்த நாட்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது என்று மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரிக்கு எதையும் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிற ஆம்பிளைகளில் கிருஷ்ணராசாவும் ஒருவர். அதில் அவருக்காக வாதாட என்னால் ஏலாது.

ஆடி மாதம் கோயில் குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி சுற்றியது. ஆகஸ்ட் முதலாம் திகதிக்குப் பிறகு வீட்டில் வாள் வைத்திருந்தால் பிடித்து மறியலில் போடுவார்களாம். அதற்குமுன் பொலிஸ் வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் பெயர்கூடக் கேட்கமாட்டார்களாம். என்ன வாள், எப்படிப்பட்ட வாள் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. கமலாம்பிகை மூன்று முறை கேட்டாள். வாளை யன்னல் சீலையில் சுற்றினாள். பார்ப்பவர்கள் சீலைக் கம்பி என்று நினைக்கட்டும் என்று ஒரு வளையத்தையும் வெளியே தெரியவிட்டாள். பஸ்ஸில் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு போனாள். அது புருஷன் திருத்திய பஸ்ஸாகக்கூட இருந்திருக்கும். ஆளுயரத்துக்கு நின்ற இரும்புப் பெட்டியின் வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டு, வரும் வழியில் மரக்கறியும் வாங்கிவந்தாள்.

பின்னேரம் வேலையால் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தபடியே சொன்னாள்.

"அந்த வாளைப் பெட்டிக்குள்ள போட்டிட்டன். இனிப் பயமில்லை."

அவர் கோப்பையை வைத்தார். பைலை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் செருப்பு மாறிப் போட்டிருந்தார்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த பெண் சான்றிதழைப் பொறுமையாகத்தான் வாசித்தாள். இது தடையில் சேராத வாள், கொடுத்திருக்கவே தேவையில்லை என்றாள். பெட்டியை மத்தியானமே ஏற்றிவிட்டார்கள் என்றாள். இரண்டு இடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயரில்லாமல் வந்தவை எல்லாம் ஒன்றாய்ப் போய் உருகும், இன்னதைத் தேடித் தா என்று யாரிடமும் கேட்க வழியில்லை என்றாள். மன்னிப்பும் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கிருஷ்ணராசாவுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சைச் சேர்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருடத்தில் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது.

"சட்டப்படி வைச்சிருக்கலாமாம். சான்றிதழ்த் துண்டு இருக்கு, பாரும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? என்ர சீவியத்தில எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான்."

கமலாம்பிகை துண்டை வாங்கிப் பார்க்கவில்லை.

"எங்கட அய்யாவிட்டயும் துண்டு இருந்தது," என்றாள். "தோட்டத்துக்குக் காட்டுப்பண்டி வாறதெண்டு லைசென்ஸ் எடுத்து வைச்சிருந்த துவக்கு. ஆமி வரேக்க ஒளிக்கேல்லை. சட்டப்படிதானே எண்டு, துவக்கையும் லைசென்சையும் தானே கொண்டுபோய்க் காட்டினவர். படலையடியிலதான் சுட்டவங்கள்."

மாமனார் சண்டையில் செத்தவர் என்று மட்டும்தான் கிருஷ்ணராசாவுக்குத் தெரியும். எப்படி என்று அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்காமல், சொல்லக்கூடாததையே சொன்னார்.

"இது அந்த நாடில்லை, கமலா."

"அய்யாவுக்கு அது தன்ர நாடு," என்றாள் அவள். "அப்பிடியிருந்தும்."

கோபம் தீரவில்லை. அவளைத் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான், வாள் போனதைவிட அவரை அதிகம் எரித்தது. ஒக்டோபரில் நடக்கும் ஐந்தாம் தரத் தேர்வுக்குக் கொடுத்திருந்த பெயரை எடுத்துவிட்டார். இப்போது சனிக்கிழமைகளிலும் கராஜுக்கு ஷிப்ட் கேட்டுப் போகிறார். வாள்பயிற்சிக்கு ஏன் போவதில்லை என்று அவள் ஒருநாள் கேட்டபோது, இடது தோள் நோகுது, அதாலதான் விட்டனான் என்றார். அவள் அதை நம்பி, ஒவ்வொரு இரவும் எண்ணெய் சூடாக்கி அந்தத் தோளைத் தேய்த்துவிடுகிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.