மீன் இல்லாத ஓட்டல்

சுனாமி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வேலை விஷயமாகக் கடலூர் போன நானும் நண்பனும் மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அதன் வாட்ச்மேனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், தோளில் இறுக்கிப் பிடித்த காக்கிச் சட்டை. எதைக் கேட்டாலும் முதலில் "எதுக்கு?" என்பார்.

நண்பன் அவரிடம் ஒயின் ஷாப்புக்கு வழி கேட்டான். முறைத்தபடியே கையைக் காட்டினார். "மீன் சமைக்காத நல்ல ஓட்டல் எது?" என்று நான் கேட்டதுதான் தாமதம், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"எதுக்கு? பொணத்தத் தின்ன மீனுன்னு எவனாவது சொன்னானா? மெட்ராஸ்லேர்ந்து வர்றவுங்க எல்லாம் இதையேதான் கேக்குறீங்க. எங்க சனங்க புடிச்சாந்த மீனு வாங்க ஆளில்லாம நாறிப் போவுது. குடிக்க மட்டும் எங்க ஊரு வேணுமா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் மீன் சாப்பிடுறீங்களாக்கும்?" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். "இல்ல. எம் பொண்ணு இன்னும் கெடைக்கல" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ அதே கடுகடுப்போடு, துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு மெஸ் இருப்பதாகவும் அங்கே வஞ்சிரம் வறுவல் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

போனோம். எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. வஞ்சிரம் வறுவலைத் தட்டில் வெகுநேரம் கிண்டிவிட்டுத்தான் முதல் வாய் வைத்தோம்.

திரும்பி வந்தபோது, "சாப்ட்டீங்களா?" என்று முறைப்பாகவே கேட்டார். "சாப்பிட்டோம்" என்றேன். அதைக் கேட்டு அவருக்கு ஆறுதலாக இருந்ததா, எங்கள்மேல் வெறுப்பு கூடியதா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.