கட்டிலுக்கு அடியில் பார்த்த உத்தியோகம்

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குத் தப்பு நடக்காமல் இருக்க வழி சொல்லும் ஆலோசகர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. தலைநகரிலிருந்து வருவார்கள். ஏரிக்கரை நெடுக இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் என் பிழைப்பு. என் பெயர் வைசன் கம்வெண்டோ. பெயர் தெரியாதவர்கள் 'அந்தக் காது மடங்கிய டிரைவர்' என்பார்கள். அம்மா வழியில் எங்களுக்கெல்லாம் இடது காதின் மேல்நுனி வாழையிலை மாதிரி மடங்கியே இருக்கும்.

இந்த ஆலோசகர்கள் எல்லாருமே முன்னால் வேறு ஏதோவாக இருந்தவர்கள். ஒருவர் அறுவை மருத்துவராக இருந்தவர். பாதி வழியில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி அவரே ஓட்டிவிடுவாரோ என்று எனக்கு உதறல். ஒருவர் மருந்தாளுநர். சாலையோர மாம்பழத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர் என் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்து அறுத்தே போட்டார். பழைய உத்தியோகம் அவ்வளவு சுலபத்தில் ஆளை விட்டுப் போகாது.

அந்த ஆலோசகர்களில் ஒருவரான எனெலேசி கசிங்வே அம்மாவை நான் முதன்முதலில் கூட்டிப்போன அன்று, முன்சீட்டில் இருந்த இளம் அதிகாரி திரும்பி, "நீங்க இதுக்கு முன்னாடி என்னவா இருந்தீங்க மேடம்?" என்று கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில இருந்தேன்" என்றார் அம்மா.

அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நர்ஸ், பிரசவம் பார்த்தவர், வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெரிய மனுஷி ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வேலை பார்க்கிற விதமும் தமாஷாகத்தான் இருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் நாள் முழுக்க ஒரு காலிக் கட்டிலில் நோயாளி மாதிரி படுத்துக்கொள்வார். கேள்வி கிடையாது, சோதனை கிடையாது. கண் பாதி மூடியிருக்கும். எனக்கு எரியும். வெயிலில் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான், படுத்துத் தூங்குவது அவரா? "தூங்குறதுக்கும் சம்பளம் குடுக்குறானுங்க பாரு" என்று என் மனைவி லோனெஸிடம் சொல்லிப் பொருமியிருக்கிறேன்.

மழைக்கு முந்தின மாதம் சிபோலா மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது எனக்கும் வேண்டிய பயணம்தான். என் தங்கை அலினாஃபே அங்கேதான் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். முதல் இரண்டும் பிறந்த வாரத்திலேயே போய்விட்டன. எங்கள் அம்மாவும் உயிரோடு இல்லை. அதனால் லோனெஸ்தான் துணைக்குப் போயிருந்தாள். துணைக்கு வருகிறவர்கள் நோயாளியின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். சமைப்பது, துவைப்பது, துடைப்பது எல்லாம் அவர்கள் பாடு. எங்கள் வழக்கத்தில் தங்கை பிள்ளைக்கு மாமன்தான் எல்லாம். என் பேர் சொல்லப் போவதும் மருமகன், நாளைக்கு என் இடத்தில் நிற்கப் போவதும் அவன். அந்தப் பிள்ளைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று வெளியே சொன்னதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரியின் மேல் பூச்சிப்புகை எழும்பியிருந்தது. கோடிக்கணக்கான குட்டிப் பூச்சிகள் தண்ணீரிலிருந்து கிளம்பி, தூணாக நின்று, காற்று சொல்கிற பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கும். அன்று அது கரைக்கே வந்துவிட்டது. வெயில் மங்கிப்போய், ஆஸ்பத்திரி முற்றமே சாம்பல் நிறத்தில் மிதந்தது. பெண்கள் கூடைகளைச் சுழற்றிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்கள், அடை தட்டிச் சுட்டுத் தின்பதற்கு. அவர்கள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. எனக்கு நடப்பது நனவா என்று ஒரு மயக்கம்.

ஆண்களைப் பிரசவ வார்டுக்குள் விடமாட்டார்கள். பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு, வலை கிழிந்தது. லோனெஸுக்குக் களியும் பொரித்த மீனும் கொடுக்க அங்கே போய் நின்றேன். அலினாஃபே வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த மயக்கத்தில் இன்னும் அரைத் தூக்கத்தில் கிடந்தாள். பக்கத்தில் நீலத் துணியில் கொழுகொழுவென்று ஒரு பையன். எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

"உருண்டையா இருக்கான்டி!" என்றேன்.

லோனெஸ் கட்டிலுக்கு அடியில் சுருண்டிருந்தாள். "ம்" என்றாள். சட்டியை வாங்கிக்கொள்ளக்கூட எழுந்துவரவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த கட்டிலில் தியாமிகே என்று ஓர் இளம்பெண், மீன்காரர் ஒருவரின் மனைவி, தலைப்பிரசவம். அவள் மடியிலும் ஒரு பையன் இருந்தான், உள்ளங்கை அளவு. அவள் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதற்கும் அடுத்த கட்டிலில் எனெலேசி அம்மா வழக்கம்போலப் படுத்திருந்தார், கண் பாதி மூடி.

"ஏன்மா அழறே?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இவன் கனமா இருந்தான்க்கா. ராத்திரி கரண்டு போயிருச்சு, முகத்தப் பாக்கல. ஆனா கை மேல வச்சப்ப கனமா இருந்தான். சிஸ்டர்ட்ட சொன்னா திட்டுறாங்க."

வார்டு சிஸ்டர் நியிரெண்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "தலைப்பிரசவம்ல, எல்லாம் தோணும். குளிப்பாட்டி நான்தானே கொண்டுவந்து குடுத்தேன்? துணியப் பாத்துத்தானே குடுத்தேன்? எத்தன வருஷமா இப்படித்தான் குடுக்கிறோம், ஒரு பிள்ள மாறினதுண்டா?"

மாறினதில்லைதான். காலில் ஒட்டுகிற பெயர்ப் பட்டை எண்ணெயிலும் வெந்நீரிலும் உரிந்துவிடும். ஆனால் எங்கள் பெண்கள் பிரசவத்துக்கு எடுத்துப்போகும் துணியை அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அடுத்தவள் இடுப்பில் அதே பூ இருந்துவிட்டால் மானம் போச்சு. அதனால் துணியே பிள்ளைக்குப் பெயர்.

எனெலேசி அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "சிஸ்டர், இந்தப் பிள்ள மேல என்ன துணி?"

"நீலம். வெள்ள மணி."

"அந்தப் பிள்ள மேல?"

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதே நீலம், அதே வெள்ளை சர்ச் மணிப் படம். சர்ச்சின் பொன்விழாவுக்கென்று அந்த மாதம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வாங்கிக் கட்டிய துணி. எங்களுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சிஸ்டர் நியிரெண்டா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவம், கெட்டவர் இல்லை.

"குளிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்களப் பகல் வெளிச்சத்துல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று அம்மா பொதுவாகக் கேட்டார்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மருமகன் எது? அந்த உருண்டையா, இந்த உள்ளங்கையா?

அப்போது அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். செருப்பைக் கழற்றினார். அலினாஃபேயின் கட்டிலருகே வந்து, தரையில் மண்டியிட்டு, பெரிய உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து லோனெஸ் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். ஜன்னலிலிருந்து எனக்கு நாலு பாதங்கள்தான் தெரிந்தன.

"நல்ல இடம்" என்றார் அம்மா. "எனக்குப் பழக்கமான இடம்."

லோனெஸின் பாதங்கள் சற்று நகர்ந்து இடம் விட்டன.

"எங்க அக்கா கட்டிலுக்கு அடியில நான் ரொம்ப நாள் கெடந்தேன். சின்னப் பொண்ணு. இங்கேருந்து பாத்தா எல்லாருக்கும் காலு மட்டும்தான். நர்ஸம்மாவோட வெள்ளச் செருப்பு பக்கத்துக் கட்டில்ல நின்னுச்சு, யாரோ கூப்பிட்டாங்க, திரும்பி எங்க கட்டிலுக்கு வந்துச்சு. பக்கத்துக் கட்டிலுக்குன்னு கலந்து வச்ச மருந்து, எங்க அக்கா கையில ஏறுது. எனக்குத் தெரியும். பாத்துட்டேன். ஆனா துணைக்கு வந்தவ நர்ஸுகிட்ட வாயத் தொறக்கலாமா? திட்டுவாங்கன்னு பாயக் கடிச்சுட்டுப் படுத்திருந்தேன்."

"அப்புறம்?"

"அக்காவ வண்டியில ஏத்தி ஊருக்குக் கொண்டுபோனோம். முகத்தையும் மூடி நான்தான் துணியப் போத்திவிட்டேன்."

பூச்சிகள் ஜன்னல் வழியாக வந்து கட்டில் கம்பிகளில் உட்கார்ந்தன.

"அம்மா" என்றாள் லோனெஸ். "மூணாவது இது. ஏற்கெனவே ரெண்டத் தூக்கிட்டுப் போய்ப் புதைச்சிருக்கோம். இவ கையில மறுபடியும் கோழிக்குஞ்சத்தான் குடுக்கணுமா? குளிக்கப் போனப்ப கோழிக்குஞ்சாத்தான் இருந்துச்சு, நான் பாத்தேன். தானா வந்துச்சு அந்தக் கனமான புள்ள. நானாப் போய் எடுக்கல. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

"புரியுதும்மா."

"சின்னது செத்துப்போகும்."

"போகலாம். பொழைக்கவும் பொழைக்கலாம். நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு அவ புள்ள கனத்த ஆயுசுக்கும் கையில தேடிட்டே இருப்பா. நீ தெனமும் அதப் பாப்ப. நான் இன்னும் அந்த வெள்ளச் செருப்பப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

லோனெஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். தலைமயிரெல்லாம் தூசி. என்னை அவள் பார்க்கவில்லை. கொழுத்த பையனைத் தூக்கித் தியாமிகேயின் கையில் வைத்தாள். தியாமிகே கனத்தை ஒருமுறை ஏந்திப் பார்த்தாள். சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். லோனெஸ் அந்தச் சின்னதை வாங்கித் துணியை விலக்கினாள். இடது காதின் மேல்நுனி மடங்கியிருந்தது.

என் கை தானாக என் காதுக்குப் போனது.

ஒரு பேச்சையும் ஒரு காதையும் நம்பி எனெலேசி அம்மா விட்டுவிடவில்லை. ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ரத்தமும் அதையேதான் சொன்னது. சிஸ்டர் நியிரெண்டாவை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இருவருமாக உட்கார்ந்து புது வழி யோசித்தார்கள். இப்போது அந்த வார்டில் குளிப்பதற்கு முன்பே கையிலும் காலிலும் உரியாத வளையம் மாட்டுகிறார்கள். பிள்ளை திரும்பி வரும்போது கட்டிலுக்கு அடியில் இருப்பவர் எழுந்து நின்று பார்த்து, 'எங்களுதுதான்' என்று வாயால் சொல்லவேண்டும்.

என் மருமகனைச் சூடு விடாமல் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி வைக்கவேண்டும் என்றார்கள். அலினாஃபேயால் உட்கார முடியவில்லை. லோனெஸ் பகலெல்லாம் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணயரும்போது, சட்டையைக் கழற்றி, மணி போட்ட நீலத் துணியால் நான் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். பூச்சி பிடிக்கும் பெண்கள், "டிரைவருக்குப் பால் ஊறுதாம்டி!" என்று கூவிச் சிரித்தார்கள். என் நெஞ்சுக்குழியில் அவன் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் நானும் நின்றேன்.

அன்று அவள் சும்மா இருந்ததைப் பற்றி லோனெஸிடம் நான் இதுவரை பேசினதில்லை. கோபம் இருந்தது, ரொம்ப. ஆனால் அவன் நிற்காமல் மூச்சு விட ஆரம்பித்த பிறகு கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

போன வாரம் எனெலேசி அம்மாவை மறுபடி வடக்கே கூட்டிப்போனேன். லோனெஸும் ஊருக்குப் போகவேண்டியிருந்ததால் அம்மாவிடம் கேட்டு அவளையும், அலினாஃபே அவளோடு அனுப்பிய பையனையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். முன்சீட்டில் ஒரு புது அதிகாரி. ஏரி தெரிந்ததும், அதே கேள்வி.

"மேடம், இதுக்கு முன்னாடி என்ன உத்தியோகம் பாத்தீங்க?"

அம்மா கண்ணைப் பாதி மூடியிருந்தார். பதில் சொன்னது லோனெஸ்.

"கட்டிலுக்கு அடியில சார். நாங்க ரெண்டு பேரும்."

அதிகாரி சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன். பையன் எனெலேசி அம்மாவின் மடியில் கனமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.