முத்தவல்லியின் காரும் மைமூனின் எல் போர்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் கையில் ஸ்டியரிங் இருக்காது, உயிர் மட்டும்தான் இருக்கும். மனைவிக்கோ மைத்துனனுக்கோ ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலி கண்டவர்கள் உங்களில் இருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம கட்சி. ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி அறுபதுகளின் பாதிவரை கொடைக்கானலில் அதுதான் என் பிழைப்பு. பழைய கார் ஒன்று, முன்னும் பின்னும் சிவப்பு மையில் எழுதிய எல் போர்டு, மூஞ்சிக்கல்லில் ஒரு தகரக் கொட்டகை. மதியமானால் ஏரியிலிருந்து கிளம்பும் மூடுபனி கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளிரும் பெட்ரோல் வாசனையும் இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஜெபமும் பிரேக்கும்

என்னிடம் முதலில் படிக்க வந்த பெண்கள் எல்லாரும் வெள்ளைக்காரிகள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி. வளைவு வந்தால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிடுவார். ஒரு நாள் ஏரிச் சாலையில் கார் கரையை விட்டு இறங்கி, முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் நின்றது. சாகும் நேரத்தில் சொல்கிற கலிமா எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் நிதானமாகக் கண்ணைத் திறந்து, பைபிளில் படித்த தமிழில் சொன்னார்: "ஐயா, நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபடியால் பிரேக்கை மிதிக்க மறந்துபோனேன்."

ரொட்டி வேன்

அந்த அம்மா ஓட்டலாமா கூடாதா என்று எந்தச் சர்ச்சிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேள்வி கிளம்பியது மைமூன் பீவி வந்தபோதுதான்.

மைமூனும் அவள் கணவர் காசிமும் ரொட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். வெள்ளனே வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடங்களுக்கும் பங்களாக்களுக்கும் ரொட்டி போடுவார் காசிம். மழைக்காலத்தில் பெருமாள்மலை பக்கம் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அவருடைய இடது கால் கிளட்சை மிதிக்க லாயக்கில்லாமல் போய்விட்டது. வத்தலக்குண்டிலிருந்து கூட்டிவந்த டிரைவர்கள் ஆளாளுக்குக் குளிருக்குப் பயந்து இறங்கிப் போனார்கள். குளிர்கால லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கு ரொட்டி நேரத்துக்கு வராவிட்டால், கீழேயிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அது போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

நானும் அவர்கள் ஜமாஅத்துதான். "ஊர்ல என்ன சொல்வாங்கன்னு யோசிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

தலையில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அண்ணே, மாவு பெசையறது நானு, அடுப்புல வைக்கிறது நானு. அந்த ரொட்டியத் தூக்கிட்டுப் போறது மட்டும் ஆம்பள சோலியா?"

பின்சீட்டு வாத்தியார்

அந்நிய ஆணோடு அவள் தனியாகக் காரில் வரக்கூடாது என்பதால் காசிமும் கூட வருவார். பின்சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்காருவார். முறைப்படி அது சரி. ஆனால் மனுஷன் வாய் சும்மா இருக்காது. "கியர மாத்து", "ஆரன் அடி", "ஏ, எருமை, எருமை!" என்று நான் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

ஏழு ரோடு சந்திப்பில் ஒருநாள் வலப்பக்கம் என்று நானும் இடப்பக்கம் என்று அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மைமூன் வண்டியை நட்டநடு ரோட்டில் நிறுத்தினாள். பின்னால் பூண்டியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரன் ஆரனை அலற விட்டான். அவள் அசையவில்லை.

திரும்பிப் பார்த்துக் கணவரிடம் சொன்னாள்: "இந்தாங்க, வண்டியில ஒரு ஸ்டியரிங்குதான் இருக்கு. நீங்க பேசாம கண்ண மூடிக்கிட்டு ஸலவாத்து ஓதிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை அறிவிப்பு

அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகியிருந்தபோது நகரசபைத் தேர்தல் வந்து சேர்ந்தது. எங்கள் வார்டில் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முத்தவல்லி சுல்தான் ராவுத்தர் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் மைமூனின் கூடப்பிறந்த அண்ணன் சாகுல். அதுவரை எல் போர்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்த முத்தவல்லிக்கு, அன்றைக்குத்தான் அது கண்ணில் குத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் எழுந்து, பெண்கள் மோட்டார் ஓட்டுவது மார்க்கத்துக்கு உகந்ததல்ல என்று சொன்னார். சொன்னவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலமே முத்தவல்லியின் ஆட்கள் தெருத்தெருவாகக் கேட்க ஆரம்பித்தார்கள்: தங்கச்சியை ரோட்டில் விட்டவன் வார்டை எப்படிக் காப்பாற்றுவான்? அவள் வீட்டு ரொட்டியை நம் ஆட்கள் வாங்கக்கூடாது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. என்னையும் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மைமூன் பாடத்தை நிறுத்திவிட்டாள். பள்ளி திறக்கிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தனியாகத் தங்கியிருந்த அந்த ஹஜ்ரத்திடம் போய், எந்தக் கிதாபில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கிதாபுல மோட்டாரே இல்ல தம்பி. ஆனா நான் குடியிருக்கற ரூமு முத்தவல்லியோடது."

ஒட்டகத்து வழக்கு

அந்த வாரம் முழுக்க டீக்கடையில் இதே பேச்சுதான். பக்கத்து மேஜையில் மலைக்காய்கறி வியாபாரிகள் கேரட் விலையை விட்டுவிட்டு எங்கள் வழக்கைக் கேட்டார்கள். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர், நபிகளின் துணைவியார் அன்னை ஆயிஷா நாயகி ஒட்டகத்தின் மேலேறிப் படையையே நடத்தியிருக்கும்போது ரொட்டி வேனில் என்ன குற்றம் என்று கேட்டார். கூட்டம் தலையாட்டியது. வேறொருவர், பெண் ஓட்டலாம், ஆனால் ஊருக்குள் மட்டும் என்றார். இன்னொருவர், புருஷன் அனுமதி இருந்தால் போதும் என்றார். ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். குர்ஆனைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் முத்தவல்லி டம்ளரை வைத்துவிட்டுத் தீர்த்துச் சொன்னார்: "ஹாஜியாரே, ஒட்டகத்துக்குக் கிளட்சு கெடையாது."

கை காட்டும் விவகாரம்

கிளட்சு வாதம் எடுபடாமல் போகவே, வேறொன்றைப் பிடித்தார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் திரும்புவதற்கு விளக்கு கிடையாது. ஜன்னல் வழியாகக் கையை முழுசாக வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். ஒரு முஸ்லிம் பெண் நடுரோட்டில் போகிற வருகிற ஆண்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டலாமா? கேட்கிறவர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. எனக்கே கொஞ்சம் தயக்கம் வந்தது.

காசிம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அடுப்படியிலிருந்து மைமூனின் குரல் வந்தது: "இந்தக் குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தாண்ணே நான் கை காட்டறேன். என் கைய எம் புருசனே பாத்து எத்தனையோ நாளாச்சு."

திரை போட்ட கார்

தேர்தலுக்குச் சில நாள் முன்னால் முத்தவல்லி வீட்டு முற்றத்தில் அவருடைய பெரிய கறுப்புக் காருக்கு நான் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போடும் பெண்களைச் சாவடிக்குக் கூட்டிப்போக ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை தைத்துப் போட்டிருந்தார். எங்கள் வார்டில் பாதி ஓட்டு பெண்கள் ஓட்டு. வீடுகளோ மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடந்தன. வழக்கமாக வீட்டு ஆண்கள் துணைக்கு வருவார்கள். தேர்தல் அன்றைக்கு அவர்கள் எல்லாரும் சாவடி வாசலில் அல்லவா நிற்பார்கள்?

முதல் ஆளாக வர வேண்டியது அவருடைய பீவி. அந்த அம்மா வாசல் திரைக்குப் பின்னால் நின்று, தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "பொம்பள வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க, சரி. திரையப் போட்டுட்டு அந்நிய ஆம்பள ஓட்டற வண்டியில நான் ஏறமாட்டேன், இந்தத் தெருவுல ஒருத்தியும் ஏறமாட்டா. உங்க ஓட்டு வீட்டுலயே கெடக்கட்டும்!"

பிரேக் இன்ஸ்பெக்டர்

அந்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் மறுபடி எழுந்தார். பெண்கள் அந்நிய ஆணோடு போவதைவிட ஒரு பெண் ஓட்டும் வண்டியில் போவதே மேலானது, ஆகவே அவசியம் உள்ள பெண் ஓட்டலாம் என்றார். இந்த முறையும் தரையைப் பார்த்துத்தான் பேசினார். ஊரில் ஓட்டத் தெரிந்த ஒரே முஸ்லிம் பெண் மைமூன். எதிராளியின் தங்கையாயிற்றே என்று முத்தவல்லியின் ஆட்களே தயங்கினார்கள். லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், அந்த நன்றி இருக்காதா என்று முத்தவல்லி அடித்துச் சொல்லிவிட்டார்.

லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லும் பிரேக் இன்ஸ்பெக்டர் மதுரையிலிருந்து மலைக்கு வந்தபோது, சால்வையும் தொப்பியுமாக முத்தவல்லியே மைமூனுக்கும் காசிமுக்கும் முன்னால் போய் நின்றார். மைமூன் எட்டுப் போட்டாள். ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு அங்குலம் பின்வாங்காமல் எடுத்தாள். ஸ்வெட்டர் கையை நீட்டி அழகாகத் திரும்பினாள். பக்கத்து சீட்டில் நான் இல்லாமல் அவள் ஓட்டியதை அன்றைக்குத்தான் வெளியே நின்று பார்த்தேன். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "உங்க ஜமாத்துல லேடீஸ் ஓட்டக்கூடாதுன்னு கேள்விப்பட்டேனே பாய்?" என்றார்.

முத்தவல்லி கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்: "அது முந்தின வெள்ளிக்கிழமை சார்."

திரைக்குப் பின்னால்

தேர்தல் அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை மைமூன் ஓட்ட, கறுப்புக் கார் மேடுகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முத்தவல்லி வீட்டுக் கார், முத்தவல்லி போட்ட பெட்ரோல், முத்தவல்லி தைத்த திரை. திரைக்குள் ஆண் யாரும் ஏறக்கூடாது என்பதால் அவருடைய ஆட்கள் ஒருவரும் உள்ளே உட்கார முடியவில்லை. இது அவருக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஆண்கள் சாவடி ஓட்டுகளை எண்ணியபோது அவர்தான் முன்னால் நின்றார். பெண்கள் சாவடிப் பெட்டியைத் திறந்து கொட்டியதும் சாகுல் ஜெயித்துவிட்டார். முத்தவல்லியின் ஆட்கள் மைமூனைப் பிடித்துக்கொண்டார்கள், என்ன சொல்லி மனதைக் கலைத்தாய் என்று.

அவள் கார் சாவியை அவர்களிடம் நீட்டியபடி சொன்னாள்: "நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேங்க. பின்னால உக்காந்தவுங்கதான் பேசிக்கிட்டு வந்தாங்க, மொதல்ல பேசுனது உங்க முத்தவல்லி வீட்டம்மாதான்."

ரொட்டிப் பெட்டிகளுக்கு நடுவே

மறுவாரம் பள்ளி திறப்பு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை முத்தவல்லி ஹஜ்ரத்தைத் தேடிப் போனார். நானும் அப்போது அங்கே இருந்தேன். தேர்தல் முடிந்துவிட்டதால் அவசியமும் முடிந்துவிட்டது, பழைய அறிவிப்பையே திரும்பச் சொல்லிவிடுங்கள் என்றார். இந்த முறை அறிவித்தால் ரொட்டி வேன் நின்றது நின்றதுதான், காசிம் குடும்பம் கீழே இறங்கிப் பிழைப்பு தேட வேண்டியதுதான்.

ஹஜ்ரத் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். முதல் தடவை சொன்னது தன் பயம் என்றும், இரண்டாவது தடவை சொன்னதும் பயத்தில் சொன்னதுதான் என்றாலும் அது சரியாக இருந்துவிட்டது என்றும், மூன்றாவது தடவை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டு ரூமைக் காலி செய்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், கிதாபுகள் கட்டிய துணிமூட்டை. அவ்வளவுதான் அவர் சொத்து.

பள்ளி திறந்த அன்றைக்கு, முதல் நடை ரொட்டி போய்ச் சேர்ந்த பிறகு, மைமூன்தான் அவரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டாள். முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் காசிமை உட்காரச் சொல்லிவிட்டு, மார்க்கத்தைப் பேணுகிற அந்த மனிதர், பின்னால் காலி ரொட்டிப் பெட்டிகளுக்கு நடுவே என்னோடு தரையில் உட்கார்ந்து வந்தார். ஜிப்பாவெல்லாம் மாவு. இறங்கும்போது மைமூன் அழுதுவிட்டாள். அவர் மட்டும் அவள் பக்கம் பார்க்காமல், வேனின் கதவைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "இவ்வளவு நல்லா ஓட்டுறியேம்மா, ஒரு தடவ வந்து ஏறிப் பாத்துட்டு நான் தீர்ப்பு சொல்லியிருக்கணும்."

மலைரோட்டில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கத்தான் ரொம்ப நாள் பழக வேண்டும் என்று நான் எல்லாருக்கும் பாடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் தீர்ப்பை ரிவர்ஸ் எடுப்பது அத்தனை சுலபமாக நடந்த ஊரில் அதை எடுக்கமாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவர் என்று என் ஆயுளில் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.