ஒவ்வொரு எழுத்தாக

எண்பதுகளின் கடைசியில், கே.கே. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆசிரியை வேலைக்கான தேர்வு. இருந்தது ஒரே இடம். வந்தது நானும் நூர்ஜஹான் என்ற பெண்ணும். ‘வெல்கம்’ என்ற ஆங்கிலச் சொல் திரையில் நொடிக்கு ஓர் எழுத்தாக வரும்படி சி மொழியில் புரோகிராம் எழுத வேண்டும்.

எழுதி ஓடவிட்டேன். திரை வெகுநேரம் காலியாகவே இருந்தது. பிறகு முழுச் சொல்லும் ஒரேயடியாக வந்து விழுந்தது. எதை மாற்றியும் அப்படியேதான்.

பக்கத்திலிருந்த நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள். “அக்கா, எழுத்தெல்லாம் பஃபர் மெமரிலயே தேங்கி நிக்குது. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாடியும் எஃப்ஃப்ளஷ்னு ஒரு கட்டளை போடுங்க, உடனே வெளிய வந்துரும்.”

போட்டிக்கு வந்தவள் எனக்கு எதற்கு வழி சொல்கிறாள்? இருப்பதையும் கெடுக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. “என் வேலைய நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. “நம்பலைன்னா நீங்களே பாருங்க. நேரம் முடியப்போகுதுக்கா.”

போட்டேன். வந்தது. அவளிடம் இல்லாத பட்டம் என்னிடம் இருந்ததால் வேலையும் எனக்கே கிடைத்தது.

வாசலில் அவளை நிறுத்தி, “எனக்கு எதுக்குச் சொன்ன?” என்றேன். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை.

“தெரிஞ்சதச் சொன்னேன், அம்புட்டுத்தான். வாரேங்க்கா” என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.